நாலாம் கேமராவுக்கும் ஐந்தாம் கேமராவுக்கும் நடுவே

அவரை ஊரே ஏணி என்றுதான் கூப்பிடும். ஆள் உயரம் என்பதால் அல்ல, ஆள் குள்ளம். தன்னைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள அலுமினிய ஏணியை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டி, முன்னால் ஒரு சிவப்புத் துணி, பின்னால் ஒரு சிவப்புத் துணி தொங்கவிட்டு, பாதித் தெருவை அடைத்துக்கொண்டு போவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "பறந்து போயேன்" என்பார்.

தொழில், கண்காணிப்புக் கேமரா மாட்டுவது. முன்பு வயரிங் வேலை பார்த்தவர். எட்டாவதோடு படிப்பை ஏறக்கட்டியவர் என்றாலும், ஒரு அறைக்குள் நுழைந்தால் எந்த மூலையில் மாட்டினால் எவ்வளவு தூரம் தெரியும் என்பதை மூக்கைச் சொறிகிற நேரத்தில் சொல்லிவிடுவார்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஏணி உச்சியில் நின்று கேமராவைத் திருப்பும்போது, படம் எப்படி விழுகிறது என்று கீழே ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. அதனால் அந்த இடத்தின் படத்தைத் தன் போனில் வரவைத்துக்கொண்டு, ஒரு கையால் கேமராவையும் மறு கையால் போனையும் பிடித்துச் சரிசெய்வார்கள். வேலை முடிந்ததும் அதைப் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். யாரும் எடுப்பதில்லை. நாளைக்கே "படம் வரலையே" என்று வாடிக்கையாளர் கத்துவார். போய் வர ஒரு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்லிவிட்டால் பெட்ரோல் மிச்சம். இப்படி ஏணியின் போனில் இருபத்து மூன்று இடங்கள் கிடந்தன. பேக்கரி, மரக்கடை, பிஸ்கட் கிடங்கு, பல் டாக்டர், மகள் எட்டாவது படிக்கும் பள்ளிக்கூடம். எதையும் அவர் சும்மா திறந்து பார்த்ததில்லை. அடுத்தவன் மரம் அறுப்பதைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரு நாள் மதியம் வயர் கடையில் காத்திருந்தபோது போனில், புகார் வந்திருந்த பிஸ்கட் கிடங்கைத் திறக்கப்போன கட்டைவிரல் ஒரு வரி தவறி விழுந்தது. பள்ளிக்கூடம் திறந்துகொண்டது.

மூடத்தான் போனார். அதற்குள் நாலாம் கேமராவில் மகள் வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா இல்லை, புத்தகம் இல்லை. வெறுங்கையோடு தாழ்வாரத்தில் நடந்து படத்தைவிட்டு வெளியேறினாள். எட்டடி எடுத்துவைத்தால் ஐந்தாம் கேமராவில் வந்துவிட வேண்டும். ஏணி எண்ணினார். எட்டு ஆயிற்று, இருபது ஆயிற்று, ஆளைக் காணோம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஐந்தாம் கேமராவில் தலை தெரிந்தது. அவள் வந்த கையோடு இன்னொரு பெண் நாலாம் கேமராவிலிருந்து மறைந்தாள். அவளுக்கும் அதே ஐந்து நிமிடம்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது மாடிப்படியின் அடிப்பக்கம். அங்கே கேமரா கண்ணுக்கு எட்டாத ஒரு துண்டு இடம் இருப்பது உலகத்திலேயே ஏணிக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். மாட்டிய அன்று கேபிள் ஆறடி பற்றாமல் போனது. இன்னொரு சுருள் வாங்கச் சோம்பல். கேமராவைத் தள்ளி மாட்டிவிட்டு வந்துவிட்டார். அதை ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டில் பெருமையாகச் சொன்னதாகவும் ஞாபகம்.

மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று காவல். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. பையன்களும் போனார்கள். பத்தாவது படிக்கும் தடியன் ஒருவன் ஆறாவது படிக்கும் வாண்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஏணிக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. பீடியா? போனா? காதல் கடிதமா? ஆளுக்கு ஐந்து நிமிடம் அளந்துவைத்தா காதலிப்பார்கள்?

"மதியம் சாப்ட்டுட்டு என்ன பண்ணுவீங்க?" என்று மகளிடம் கேட்டுப் பார்த்தார்.

"சும்மா இருப்போம்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாம்ப்பா. அதுக்கு என்ன விளக்கம் வேணும்?"

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறார். அங்கே மாட்டியிருக்கும் கேமராவில் ஒலிபெருக்கியும் உண்டு. முதலாளி வீட்டிலிருந்தே பேசுவார். "இன்னைக்கு என்ன சொன்னார் தெரியுமா?" என்று மனைவி தட்டை வைத்தபடியே ஆரம்பித்தார். "'ஏம்மா, ரொம்ப நேரமா உக்காந்தே இருக்கியே'ன்னார். பேசுறப்பவே அவர் மெல்லுற சத்தம் கேக்குது. நான் நின்னுக்கிட்டுப் பசியோட இருக்கணும், அவரு தின்னுக்கிட்டு என்னைப் பாக்கணும். நீங்க மாட்டுன கேமராதான அது?"

"மாட்டச் சொன்னாங்க, மாட்டுனேன். வாய் பேசுற மாடல் அவரே வாங்குனது."

"நல்லா வாங்குனாரு."

ஏணி சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வாரமே தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நல்ல மனுஷி, காரணமில்லாமல் எதுவும் செய்யமாட்டார். மூன்றாவது படிக்கும் பிள்ளை ஒன்று படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, படிக்கு அடியிலேயே ஒரு பீரியட் முழுக்க அழுதுகொண்டு கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. "அந்த இடத்துக்கு ஒரு கேமரா வேணும். சனிக்கிழமை வந்து அளந்துட்டுப் போங்க. திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்துல சொல்லிட்டு மாட்டிடலாம்."

சனிக்கிழமை பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. ஏணி டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து படிக்கு அடியில் நுழைந்தார்.

ஒன்றுமே இல்லை. கால் உடைந்த பெஞ்சு ஒன்று, அதன் மேல் மடித்துப் போட்ட பழைய சாக்கு. பீடித் துண்டு இல்லை, காகிதம் இல்லை. பெருக்கிக்கூட வைத்திருந்தார்கள். சுவரில் பென்சிலால் மூன்று வரி:

ஒருவருக்கு 5 நிமிடம்.
வெளியே நிற்பவர் உள்ளே பார்க்கக் கூடாது.
3. என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

முதல் இரண்டும் வேறு வேறு பிள்ளைகளின் கை. மூன்றாவது வரிக்கு மட்டும் எண் போட்டிருந்தது. தலை தட்டையான அந்த மூன்றை ஏணி எங்கே கண்டாலும் சொல்லிவிடுவார். மகள் அதை எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் வீட்டுச் சுவரெல்லாம் அந்த மூன்றுதான்.

டேப்பைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு முதுகைச் சொறிந்துகொண்டார். கொஞ்ச நேரம் வாயைக் கோணிப் பழிப்புக் காட்டினார், யாருக்கென்று அவருக்கே தெரியாது. பிறகு வேறு ஏதோ செய்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையை உயர்த்தி மூலையைப் பார்த்துக்கொண்டார். எந்த மூலையிலும் கேமரா இல்லை. வெளியே வந்து மணி பார்த்தபோது ஐந்து நிமிடம் அல்ல, இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இதில் கேமராவை மாட்டினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? மாட்டாமல் விட்டால், நாளைக்கு இன்னொரு பிள்ளை விழுந்து கிடந்தால்? ஞாயிறு முழுக்க ஏணி இதையே மென்றார். மகளிடம் கேட்கவும் முடியாது. கேட்டால், படிக்கு அடியில் நடக்கிற விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அளக்கப் போனபோது பார்த்தேன் என்று பொய் சொல்லலாம். அது பாதி உண்மையும்கூட. அந்தப் பாதிதான் தொண்டையில் நின்றது.

திங்கட்கிழமை கூட்டம். வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரலாம் என்றதால் எட்டாவதுக்காக மகளும் முன்வரிசையில் இருந்தாள். ஏணி கடைசியில், கதவோரம்.

லாரி ஓட்டும் அப்பா ஒருவர் முதலில் எழுந்தார். "வைங்க மேடம். பத்து வைங்க. நான் ரோட்ல கிடக்குறவன். எம்புள்ள பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

ஒரு அம்மா எழுந்தார். "பத்திரம் சரிங்க. நாள் பூரா ஒருத்தர் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தா உங்களால லாரி ஓட்ட முடியுமா?"

"எங்க லாரிலயும் வச்சிருக்காங்கம்மா."

"ஓட்ட முடியுதா?"

லாரிக்காரர் யோசித்தார். "ஓட்ட முடியுது. பாட முடியல."

சிரிப்பு எழுந்தது. மகள் கையைத் தூக்கினாள். "மேடம், கால் பிசகுன பாப்பாவுக்கு உதவி வேணும், சரி. ஆனா கேமரா இருந்தா எங்களுக்கு அந்த ஒரு எடமும் போயிடும்."

"அந்த எடத்துல என்ன பண்றீங்க?" என்றார் லாரிக்காரர்.

மகள் உதட்டை மடித்துக்கொண்டாள். பின்னால் இருந்து யாரோ, "பாத்தீங்களா, சொல்ல மாட்டேங்குது! என்னமோ இருக்கு!" என்றார்கள். அறை முழுக்க முணுமுணுப்பு. மகளின் காது சிவந்துபோனதை ஏணி கதவோரத்திலிருந்தே பார்த்தார்.

தலைமை ஆசிரியை கையமர்த்தினார். "பயப்பட வேண்டாம். படத்தை என்னையும் அலுவலகத்துல இருக்கறவரையும் தவிர வேற யாரும் பாக்க முடியாது. மாட்டுனவரே இருக்கார். என்ன ஏணி அண்ணே, சரிதானே?"

தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். விஷயம் முடிந்தது.

ஏணி எழுந்தார். ஏணி இல்லாமல் இத்தனை பேருக்கு முன் நின்றது அவருக்கு இதுவே முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இல்லைங்க மேடம். இதுலயும் வருது. மாட்டுன அன்னைலருந்து வருது. எடுத்துருக்கணும், எடுக்கல. போன வாரம் மூணு நாள் பாத்தேன். எம்பொண்ணையும் பாத்தேன். அதுங்க ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணது நானு. என்னை மாதிரி இன்னும் எத்தனை ஏணி இருக்கானோ, எனக்குத் தெரியாது."

பிறகு நடந்த கூச்சலை எழுதி மாளாது. அழிக்கச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் அழித்தார். தலைமை ஆசிரியை கத்தவில்லை. "உங்களை நம்பினேன் அண்ணே" என்றார் மெதுவாக. கத்தியிருக்கலாம் என்று தோன்றியது ஏணிக்கு. கடவுச்சொற்களை எல்லாம் மாற்றுவது, பராமரிப்பை வேறொருவரிடம் கொடுப்பது, புதுக் கேமராவைத் தள்ளிப்போடுவது என்று முடிவாயிற்று. விழுந்த பிள்ளைக்கு என்ன வழி என்றபோது, லாரிக்காரர்தான் சொன்னார்: "ஒரு பெல் வைங்க. சின்னதுங்க கைக்கு எட்டுற மாதிரி, தாழ. வேணும்னா அமுக்கட்டும்."

மகள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே மிச்சம் இருபத்திரண்டு இடங்களையும் ஏணி ஒவ்வொன்றாக அழித்தார். மனைவி எட்டிப் பார்த்து, "மருந்துக்கடையும் இருந்துச்சா?" என்றார். "இருந்துச்சு." "அப்ப நீங்களும் என்னைப் பாத்தீங்களா?" "சத்தியமா இல்லம்மா." "ஒரு தடவகூடவா?" அதற்கு வருத்தப்படுகிறாரா சந்தோஷப்படுகிறாரா என்று ஏணிக்குப் பிடிபடவில்லை.

மகள் நாலு நாள் பேசவில்லை. தட்டை நகர்த்துவது, கதவைச் சாத்துவது எல்லாவற்றிலும் அது தெரிந்தது. ஐந்தாம் நாள் காலை, ஏணி வாசலில் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பெல்லு மாட்டிட்டாங்க."

"ம்."

"கோணலா மாட்டிருக்காரு அந்த ஆளு."

"லெவல் வச்சுப் பாத்திருக்க மாட்டான்" என்றார் ஏணி, துணியை விடாமல்.

ஏணி நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை முறுக்கினாள். "மேல இருந்து பாத்தா நான் எப்படித் தெரிஞ்சேன்?"

"தலை வகிடுதான் தெரிஞ்சுது. மூஞ்சியெல்லாம் தெரியாது."

"வகிடு மட்டுமா?"

"அதுவும் கோணலு."

அவள் சிரிக்கவில்லை, கையை மட்டும் உச்சந்தலைக்குக் கொண்டுபோனாள். "சனிக்கிழமை அளக்க வந்தப்ப உள்ள உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"இருபது நிமிஷம்."

"அஞ்சுதான் கணக்கு! இருபது நிமிஷம் உள்ள என்னதாம்ப்பா பண்ணீங்க?"

ஏணி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மூணாவது வரி" என்றார்.

மகள் ஸ்கூட்டரின் பின்சீட்டில், பக்கவாட்டில் ஏணிக்கு இடம் விட்டு, ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள்.