ஏழாவது கட்டம்

பள்ளம் வரைந்தே சம்பளம் வாங்கிய மனிதர் ஒருவர் உண்டென்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். வீடியோ கேமில் பொம்மை மனிதன் ஓடிவந்து தாவுவானே, தப்பினால் பள்ளத்தில் விழுந்து தொலைவானே, அந்தப் பள்ளங்களை எல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து அளந்து வரைந்திருக்க வேண்டுமல்லவா? எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில் அந்தப் புண்ணியவான் இவர். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் ரப்பருமாகவே கிடந்ததால் ஆபீசில் இவருக்குக் கட்டக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. பென்சிலால் தீட்டிய கட்டம் என்றால் தரை. வெறும் கட்டம் என்றால் பள்ளம். தாளைப் பார்த்து டைப்பிஸ்ட் அம்மா மெஷினில் ஏற்றுவார். விளையாட்டின் நாயகன் ஒரு தபால்காரன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிதம் கொடுக்க ஓடுவான், தாவுவான், விழுவான். விழும்போது மூன்று சுரம் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அழுகிற பிள்ளை தூங்கப்போவது மாதிரி இருக்கும்.

கட்டக்காரருக்கு ஒரு குறை இருந்தது. பள்ளம் வரையத் தெரியுமே தவிரத் தாண்டத் தெரியாது. தான் வரைந்த விளையாட்டின் இரண்டாம் நிலையையே அவரால் தாண்ட முடிந்ததில்லை. சமையல்காரருக்கு வாயில் ருசி இல்லாவிட்டால் எப்படி? அப்படி. அதற்காகவே கம்பெனியில் இன்னொருவர் இருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை விளையாடிப் பார்ப்பதுதான் அவர் வேலை. எங்கிருந்து தள்ளினாலும் காலூன்றி நிற்பார் என்பதால் அவருக்குப் பூனை என்று பெயர். பூனை தாண்டிப் பார்த்து, ‘தாண்டலாம்’ என்று சோதனைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நிலை முடிந்ததாகக் கணக்கு. கையெழுத்து விழுந்த பிறகு யாரும் ரப்பரைத் தொடக் கூடாது. ஆபீசில் எழுதி ஒட்டாத சட்டம் அது.

இருவரும் சிநேகிதர்கள்தான். ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். “நீ குழி பறிச்சுக்கிட்டே இரு, நான் தாண்டிக்கிட்டே இருக்கேன்” என்பார் பூனை. “ஒரு நாள் பாரு, தலைகுப்புற விழப்போறே” என்பார் இவர். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்போது அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நிலையின் கடைசிப் பள்ளத்துக்குக் கட்டக்காரர் ஒரு வாரம் மெனக்கெட்டார். தபால்காரன் ஓடிவந்து, விளிம்பில் நுனிக்கால் வைத்துத் தாவினால் மட்டுமே எட்டுகிற மாதிரி, ஆறு கட்டம் அகலம். இதில் பூனை ஒரு அரை நாளாவது திண்டாடுவார் என்று மனப்பால் குடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். பூனையின் இடது கையில் டீ கிளாஸ். கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை. கன்ட்ரோலரை மேசை மேல் வைத்து, வலது கையாலேயே அதைச் சமாளித்து, முதல் தடவையிலேயே தாண்டிவிட்டு ஒரு வாய் டீ குடித்தார்.

“இதுக்கா ஒரு வாரம் உக்காந்தே? எங்க வீட்டு வாசப்படி இதைவிட உயரம்யா!”

அறையில் வேறு இருந்தது டைப்பிஸ்ட் அம்மா ஒருவர்தான், அவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கட்டக்காரரும் சிரித்தார். காதுமடல் மட்டும் சிவந்துபோயிருந்தது.

பூனை கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கல்யாணமாகி ஒரு வருஷம்தான், ஐந்தரை மணிக்கு மேல் அவரை ஆபீசில் பார்க்க முடியாது. மறுநாள் எல்லாம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். சிப்பில் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. டைப்பிஸ்ட் அம்மா கடைசித் தாள்களுக்காகக் காத்திருந்தார். கட்டக்காரர் ஐந்தாம் நிலைத் தாளை எடுத்தார். பள்ளத்தின் ஓரத்தில் தீட்டியிருந்த ஒரே ஒரு கட்டத்தை ரப்பரால் அழித்தார். ஆறு ஏழாயிற்று. நல்ல ஓட்டத்தில் வந்தால் ஏழும் முடியும் என்று ஒரு மனக்கணக்கு. முடியுமா என்று பார்க்க அவருக்கு விளையாட வராது, வருகிற ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். ஊதித் தள்ளிய ரப்பர் தூள் மேசையிலிருந்து பறந்தது. தாளை டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடுத்தார், அவர் பார்த்து மெஷினில் மாற்றி ஏற்றினார். அவ்வளவுதான் நடந்தது.

ஏழு முடியாது. எந்தக் கொம்பனாலும் முடியாது.

விற்பனைக்கு வந்த ஆறாவது வாரம் கேம்கள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஐந்தாம் நிலைக்கு மேல் போகவே முடியவில்லை என்று ஊரெல்லாம் புகார். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சோதனைத் தாளை மேசை மேல் போட்டார். “இது யார் கையெழுத்து?”

“என்னுதுதான் சார். நான் தாண்டினேன் சார்” என்றார் பூனை.

“அப்படியா? இப்பத் தாண்டிக் காட்டு.”

பூனை உட்கார்ந்தார். முதலில் விழுந்தபோது சிரித்தார். பத்தாவது தடவை சட்டைக் கையை மடித்துவிட்டார். இருபதாவது தடவை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அந்த மூன்று சுரம் திரும்பத் திரும்ப இறங்கியது. நாற்பது தடவைக்கு மேல் யாரும் எண்ணவில்லை. “தாண்டினேன் சார், சத்தியமாத் தாண்டினேன், இவரு பின்னாடியே நின்னாரு, கேளுங்க சார்” என்று பூனை திரும்பிக் கட்டக்காரரைப் பார்த்தார்.

கட்டக்காரர் சொன்னது இதுதான்: “எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்.”

கூடப் பார்த்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அன்று லீவு. பச்சைக் குழந்தை, வாடகை வீடு, வரப்போகிற பதவி உயர்வு என்று பின்னால் கட்டக்காரர் ஆயிரம் காரணம் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. பயந்தார், அதுதான் உண்மை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் என்று சொல்லிப் பூனையை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். ரப்பர் பட்ட ஐந்தாம் நிலைத் தாளைக் கட்டக்காரர் சட்டைக்குள் மடித்து எடுத்துவந்து, துணி அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே வைத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்கும் துணிச்சல் வரவில்லை.

கம்பெனி மூன்று வருஷத்தில் மூடப்பட்டது. அதன்பின் தரைக்கு டைல்ஸ் விற்கிற கடையில் எத்தனை கல் எங்கே பதிக்க வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுத்தே இருபத்தாறு வருஷம் ஓட்டினார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்படி யாராவது சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, உங்க பழைய கேமைப் பத்தி இன்னும் ஆளுங்க பேசிக்கிட்டிருக்காங்க தெரியுமா? அஞ்சாவது லெவல் யாராலயும் முடியாதாம். ஒரே ஒரு ஆள் மட்டும் வருஷா வருஷம் வந்து எழுதிட்டுப் போறாரு. முடியும், நான் ஒரு தடவை தாண்டியிருக்கேன்னு. பேரைப் பாருங்க, பூனையாம்!” என்று சிரித்தாள்.

கட்டக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். “அவருக்கு எழுதி விலாசம் கேளும்மா” என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனார். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த பூனைக்கு முன்மண்டையில் முடியே இல்லை.

“வாய்யா கட்டம்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உக்காரு, உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காரு.”

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் ஒரு தலையணையும் பெண்கள் போடுகிற மூக்குக் கண்ணாடி ஒன்றும் இருந்தன. டீவிக்குக் கீழே டேப் சுற்றி ஒட்டிய பழைய மெஷின். பூனை டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்காமலே கன்ட்ரோலரை எடுத்தார். தபால்காரன் ஓடிவந்தான், தாவினான், விழுந்தான். மூன்று சுரம் இறங்கியது. கட்டக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“பாத்தியா? முப்பது வருஷமா இதே கதைதான். அன்னைக்கு எப்படித்தான் தாண்டினேனோ, விரல்ல இருந்த சூட்சுமம் எங்கயோ போயிடுச்சு. கண்ணாடிக் கடையில வேலை பாத்தப்பகூட மேசைக்கு அடியில கட்டை விரலை ஆட்டிப் பாத்துக்கிட்டே இருப்பேன். வரைஞ்சவன் நீதானே, சொல்லு. எங்க தப்பு பண்றேன்?”

கட்டக்காரர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

“நீ ஒரு தப்பும் பண்ணல. நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போனப்புறம் ஒரு கட்டத்தை நான் அழிச்சேன்.”

பூனை தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து, பென்சிலின் சாம்பல் நிறம் லேசாகத் தெரிந்தது. விரல் வைத்து எண்ணினார். ஏழு வந்தது. மறுபடி எண்ணினார்.

“எதுக்குய்யா?”

“நீ டீ கிளாஸைக் கீழ வைக்கலியே. டைப்பிஸ்ட் அம்மாகூடச் சிரிச்சாங்க.”

“அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பூனை தாளை மடியில் வைத்துக்கொண்டு அழித்த இடத்தை விரலால் தடவினார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிப் பேசினார்.

“வேலை போன அன்னைக்கு ராத்திரியே வீட்ல அவ கேட்டா. பார்க்காமத்தான் போட்டீங்களா, உண்மையைச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்னு. இல்லடி, தாண்டினேன்னேன். நாலு வருஷம் சொன்னேன். நாலு வருஷமும் அவ கண்ணு முன்னாடி விழுந்துக்கிட்டே இருந்தேன். கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆமாம்மா, உன்னைப் பாக்குற அவசரத்துல பார்க்காமத்தான் போட்டேன் போலருக்குன்னு ஒத்துக்கிட்டேன். வாய்தான் ஒத்துக்கிச்சு, விரல் ஒத்துக்கல. அதான் இன்னும் ஆடிக்கிட்டிருக்கேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“மன்னிச்சிட்டா. என்னாலதானே உங்க வேலை போச்சுன்னு அழுதுட்டு மன்னிச்சிட்டா. செய்யாத தப்புக்கு, பாரு.” பூனை முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போன வருஷம் வரைக்கும் அந்த நாற்காலியிலதான் இருந்தா. போன வருஷம் வந்திருக்கக் கூடாதாய்யா நீ?”

அலமாரியைத் திறந்து சட்டை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் அங்கேதான் இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை! இரண்டு பஸ்தான்.

“மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயில்ல” என்றார்.

“கேக்காதே. என்கிட்ட இப்ப அது இல்ல.” பூனை எழுந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்துவந்தார். “அழிச்சதை அழிச்சேன்னு இதுலயே கீழ எழுது. தேதி போடு. கையெழுத்துப் போடு.”

எழுதினார். கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டினார். பூனை வாங்கவில்லை.

“சத்தமா படி.”

படிக்கத் தொடங்கினார்.

“என்னைப் பாத்து இல்ல. அந்தப் பக்கம் திரும்பிப் படி.”

கட்டக்காரர் ஜன்னலோர நாற்காலியின் பக்கம் திரும்பினார். தலையணையையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு, ஐந்தாம் நிலையின் கடைசிப் பள்ளம் ஆறு கட்டம்தான் என்றும், உங்கள் வீட்டுக்காரர் அதைத் தாண்டினார் என்றும், அதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்றும், அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஏழாவது கட்டத்தை நான்தான் அழித்தேன் என்றும் படித்தார். முடிக்கும்போது குரல் உள்ளே போய்விட்டது.

“கடைசிக் காலத்துல அவளுக்குக் காது சரியாக் கேக்காது” என்றார் பூனை. “இன்னொரு தடவை, சத்தமா.”

கட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.