மாமியார் அழித்த கிரேக்கச் செய்தி

கிரேக்கக் கப்பலில் வெல்டராக இருக்கும் என் கணவரிடமிருந்து ஐந்து நாட்களாகப் போன் வரவில்லை. அவருடன் வேலை செய்யும் சமையல்காரர் கிரேக்க மொழியில் ஒரு செய்தி அனுப்பினார். செல்போன் மொழிபெயர்ப்பில் 'தண்ணீரில் மூழ்கினார்' என்று கண்டதும், மீதியைப் படிக்காமலே அலறிவிட்டேன். துக்கக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதுபோல, "சாவு சேதி வூட்ல இருக்கக் கூடாது" என்று அழுதபடியே மாமியார் அதை அழித்துவிட்டார்.

நந்திதுர்க்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பெங்களூரில் ஒரு கிரேக்க மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தார். அவரோ, "செய்தியை முழுசா அனுப்புங்கம்மா" என்றார். சமையல்காரரிடம் மறுபடி கேட்டு, அது வரும்வரை தாலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதைப் படித்ததும் மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "'ஒரு கரண்டித் தண்ணீரில் மூழ்கினார்'னு இருக்கும்மா. சின்ன விஷயத்துக்குப் பதறுறவரை அங்க அப்படித்தான் சொல்வாங்க. போன் உடைஞ்சதுக்கே உங்க வீட்டுக்காரர் கலங்கிட்டாராம்."

இப்போதெல்லாம் எந்தக் கிரேக்கச் செய்தி வந்தாலும், மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்லும்வரை நாங்கள் அழுவதில்லை. என் போனை மாமியார் கையில் கொடுப்பதுமில்லை.