தொட்டிக்கடியில் இருந்தவர்

என் தோழி சந்திரா இதைச் சொன்னபோது நானும் முதலில் சிரித்தேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியை நேரில் போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

போன மே மாதம். திருத்தணியை ஒட்டிய ஒரு காலனிக்குச் சந்திரா குடிவந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தெருக்குழாயில் ஒரு நாளும் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீரும் நின்றுபோயிற்று. மூன்று வயது மகள் அம்முவுக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. வீட்டில் இருந்தது அரைச் சொம்பு தண்ணீர். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் விட்டுவிட்டு, குடத்தோடு காலனியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஓடினாள். மதியம் 2.10. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

தொட்டிக்கு அடியில், தண்ணீர் திறந்துவிடும் வால்வுக் குழி. அதன் விளிம்பில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. சுற்றிலும் மண் வெடித்துக் கிடந்தது.

"அண்ணே, தண்ணி வுடுங்கண்ணே. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"ஆங்... தெனமும் தொறந்துகினுதாம்மா இருக்கேன்." அவர் திரும்பவில்லை. "யார் வூட்டுக்கும் தண்ணி போவல."

கர்ர்ர்... கர்ர்ர்... வால்வு திருகும் சத்தம். அவர் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.

சட்டை நுனியிலிருந்து நீர் சொட்டியது. என்ன நினைத்தாளோ, குடத்தை அடியில் நீட்டினாள்.

ஒரு சொட்டும் விழவில்லை.

"ஆபீசுல என்னை அனுப்பிடச் சொல்லும்மா... வேற ஆளப் போடச் சொல்லு..."

குழிக்குள் பார்த்தாள். வால்வே இல்லை. அறுந்த குழாய்.

நிமிர்ந்தாள்.

யாருமில்லை...

மணி 2.20.

அம்முவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். குழந்தை வீடு திரும்பியதும் தண்ணீர் திறக்க வேறு ஆளைப் போடக் கேட்டு மனு எழுதிக்கொண்டு சந்திரா ஊராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நடந்ததைக் கேட்ட பாஞ்சாலி அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"தண்ணி தொறந்துவுட்ற ராஜமாணிக்கம் அவரு. ரெண்டு வருசம் முன்னாடி அந்தக் குழியிலயே வுழுந்து செத்துட்டாரு. அப்புறம் யாரையும் போடல."

அலுவலகத்தில் எழுத்தர் மனுவை வாங்கவே இல்லை. ஒரு பதிவேட்டைத் திருப்பி அவள் முன் வைத்தார்.

அவள் தொட்டிக்குப் போன அதே தேதி. மதியம் 2.20. தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே கையெழுத்து... ராஜமாணிக்கம்.

"ஆளுதான் தெனமும் வந்துகினு இருக்காரேம்மா," என்றார் எழுத்தர். "எடம் எங்க காலியா இருக்குது?"