கலங்கலில் குறைந்த ஒரு சாண்

“…அப்ப நீயே சொல்லுபா, ஊரு கழனியெல்லாம் காயுது, உன் கழனியில மட்டும் எப்டி தண்ணி நிக்குது?”

செஞ்சி பஸ் நிற்கிற டீக்கடையில், பத்துப் பேர் முன்னால் கேட்டவர் எங்கள் ஏரியின் நீர்கட்டி. மதகைத் திறந்து மூடுகிற பொறுப்பு அவருடையது.

“ஊத்துண்ணா,” என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

“ஊத்தா? சிங்கவரத்துலேர்ந்து பஸ் ஏறி உன் கழனிக்கு மட்டும் வந்து எறங்குச்சா?”

கடையே சிரித்தது.

ஊர்க் கழனிகள் காய்வதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைக்குஞ்சுகள் பறக்கும்வரை மதகைத் திறக்கக் கூடாது. ஏரி நிரம்பி வழிகிற கலங்கலின் மேல் முள்ளும் தழையும் அடுக்கி, மண் பூசி, ஒரு சாண் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்துவோம். மரத்தடி காய்ந்தால் நாய்கள் உள்ளே நடந்துவிடும். கீழே விழுகிற குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. அந்த ஒரு சாண் நாலே நாளில் பாதியாகியிருந்தது.

எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். மதகுச் சாவி அவர் இடுப்பில். அவர் மச்சான் கழனியோ மதகுக்கு நேர் கீழே. முதல்நாளே போய் எட்டிப் பார்த்திருந்தேன், காய்ந்து வெடித்துக் கிடந்தது. கழனிகூட நடிக்குமோ என்று நினைத்தேன்.

“வா, காட்டறேன்,” என்று டீக்கடையிலிருந்து என்னைக் கலங்கலுக்கு இழுத்துப் போனார். முள் அடுக்கில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை. கசிந்த தண்ணீர் என் கழனியோரக் கால்வாயில் ஓடியது.

“முள்ள யாரு உருவனது?”

“என் கையப் பாருங்கண்ணா. ஒரு கீறல் இருக்குதா?”

“கத்தி வச்சிருப்ப.”

ஒருவரை விட்டு ஒருவர் நகர மனமில்லாமல் பனைமர நிழலில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் ஒரு நாரை இறங்கியது. தழைக்குச்சி ஒன்றைப் பிடித்து இழுத்தது, வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்து உருவிக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“பாத்தீங்களாண்ணா, யாருன்னு!” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. “அதுங்க உருவுதுங்க, சரி. கால்வாத் தண்ணி உள்ள வர உன் வரப்புல வாய் வெட்டி வச்சது இன்னாபா? அதுவும் நாரையா?”

அவர் எழுந்து போய் வரப்போரம் கிடந்த என் மண்வெட்டியையே எடுத்தார். என் வரப்பைப் பாதிக்கு மேல் வெட்டினார். கழனியில் நின்ற தண்ணீரெல்லாம் கால்வாயில் இறங்க இறங்க, வெட்டிய சேற்றை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு கலங்கல் ஓட்டையை அடைக்க நடந்தார்.