உயிரோடிருந்த அம்மாவுக்கு அடித்த தப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு என்கிற பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். அடக்கம் முடியும்வரை தோட்டத்தை நடத்தும் துரையும் கூப்பிடமாட்டார். எழுபதுகளில் ஒரு நாள் விடியும்போது அந்தத் தப்பு எங்கள் லயத்து வீட்டு வாசலில் கேட்டது. உள்ளே அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய அப்பா எழுதிப்போட்ட இந்தியக் குடியுரிமை விண்ணப்பத்தில் இவள் பெயரும் இருந்ததாம். எனக்கோ அப்பா வழியில் இலங்கைக் குடியுரிமை. அவள் இங்கே தங்குவதற்கான விசா முடிந்துவிட்டது. அன்றைக்குப் பொலிஸ் வந்து கூட்டிப்போய் பதுளையில் கப்பலுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடும். அவள் கண்ணால் கண்டிராத ஊருக்கு. போனால் திரும்பி வர விடமாட்டார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தப்படித்த மாமாவிடம் பாய்ந்தேன்.

"எங்கம்மா குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்கு. யாருக்கு அடிக்கிறீங்க?"

"அவுங்களுக்குத்தான் தாயி. வேலை நிறுத்தம்னா நாலு பேரப் புடிச்சு உள்ள வைப்பாங்க. சாவுன்னா யாரு தடுப்பா? திரும்பி வராம போறதுக்குப் பேரு வேற என்ன?"

அதற்குள் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்து, பாதை நடுவே வட்டமாக உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. தண்ணீர் பிடிக்கும் பீலியில் நடந்த சண்டையில் இரண்டு வருடமாக அம்மாவோடு பேசாதவள்.

"கொழுந்து கிள்ளுன கைக்குக் கூலி கப்பல் சீட்டா..."

அம்மா வெளியே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கொண்டையை அவிழ்த்தாள், வட்டத்துக்குள் இடம் கேட்டு உட்கார்ந்தாள், தனக்காகத் தானே அழுதாள். தினமும் என்னோடு கொழுந்து எடுக்க வரும் அதே பெண்கள்தான். இவ்வளவு பெரியவர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஜீப் வந்து நின்றது. ஒருவரும் நகரவில்லை. இறங்கிய அதிகாரி, "யாரு செத்தது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். தப்பு நிற்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு துரையின் பங்களாவுக்குப் போய்த் திரும்பி வந்து, "மூணு மாசம் தவணை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எந்திரிம்மா, போயிட்டாங்க!"

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் இந்தியா போக அடுத்த வாரம் கெடு. அம்மா அவள் கழுத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவளுக்காக ஒப்பாரியை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.