குட்டிகள் உள்ளே இருந்தன

செஞ்சியில் நடந்த வட்டார வௌவால் பாதுகாப்பு மாநாட்டின் தலைவர் பொய் சொல்கிறார். மாநாட்டு மலரில் எங்கள் ஊர்க் குகையைப் பற்றி அவர் எழுதியிருப்பது பொய். அதன் கீழே என் பெயரையும் போட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

நான் தென் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். போல்ட், நட்டு செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறேன். வந்த முதல் கோடையில் என் அறைக் கூரை ஒழுகியது. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆகஸ்ட் முடியட்டும், பிறகு ஆள் கூப்பிடலாம் என்றார். மேலே தாய்மார்கள் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யக் கூடாதாம். எனக்கு அப்போது பாஷை அரைகுறை. மாடியில் யாரோ பிள்ளை பெற்ற பெண்கள் குடியிருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் சின்னதாக ஒரு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு படியேறினேன். மேலே பரண்தான் இருந்தது. உத்தரம் முழுக்க வௌவால்கள், குட்டிகளை அணைத்தபடி தொங்கின. அந்த இடத்துக்கு வோஹன்ஷ்டூபெ என்று பெயர். பிள்ளை பெற்ற அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் பறக்கப் பழகும்வரை கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது, அதற்குச் சட்டமே இருக்கிறது. என் படுக்கை நனைந்தால் பரவாயில்லை. அந்த அம்மாளுக்கு இன்றுவரை என் பெயரைச் சரியாகச் சொல்ல வராது. வௌவால்களின் வகை, வயது எல்லாம் சொல்வார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் கூடப் போய், அந்த ஊர் வௌவால் சங்கத்தில் சேர்ந்து, அவற்றை எண்ணக் கற்றுக்கொண்டேன்.

எண்ணத் தெரிந்ததும் என் ஊர் நினைவுதான் வந்தது. செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். நாங்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடுகள். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக் குகையிலிருந்து வௌவால்கள் கிளம்பினால், எங்கள் தெருவில் அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குகையில் பாறையில் செதுக்கிய ஒரு தீர்த்தங்கரர் இருக்கிறார். பொங்கலை ஒட்டித்தான் எனக்கு லீவு கிடைக்கும். ஒவ்வொரு தை மாதமும் வந்து, குகை வாசலில் உட்கார்ந்து எண்ணினேன். பல வருஷக் கணக்கை அறிக்கையாக எழுதி மாநாட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். அதில் ஒரு வரி: "இருட்டியபின் குகை முழுவதுமாகக் காலியாகிவிடுகிறது."

இந்த வரிதான் வினை. திருவிழாவுக்கு முன்னால் குகையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஊர்க் கமிட்டிக்கு ரொம்ப நாளாக ஆசை. சிலையின் தோள் தெரியாத அளவுக்கு எச்சம். ஆனால் புகை போட மாட்டார்கள், மருந்து அடிக்க மாட்டார்கள். புழு பூச்சிக்குக்கூட ஹிம்சை கூடாது என்பவர்கள். கமிட்டிக்குப் பெரியவர் என் சித்தப்பா தரணேந்திரன். ஒரு உயிரும் சாகாத வழி இருந்தால் சொல்லுங்கள் என்று மாநாட்டுத் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். தலைவர் என் அறிக்கையைக் காட்டினார். இருட்டியதும் எல்லாம் வெளியே போய்விடும், அப்போது வாசலில் நைலான் வலையைக் கட்டிவிடலாம், ஒரு உயிரும் சாகாது என்றார். மாநாடு நடக்கும் அன்றே மாலையில் எல்லோரையும் வேனில் கூட்டிவந்து, இதை முன்மாதிரியாகச் செய்து காட்டுவதாகவும் ஏற்பாடு.

அறிக்கையை மேடையில் வாசிக்க என்னை அழைத்தார்கள். ஊரை விட்டுப் போனபிறகு நான் பங்குனியில் வந்தது அதுதான் முதல் தடவை. மாநாட்டுக்கு முந்தின நாள் மலையடியில் அருளப்பனைப் பார்த்தேன். என்னோடு பள்ளியில் படித்தவன், அவனுடைய மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், மலையை ஒட்டியே இருக்கிறது. வலை விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"தை மாசம் மட்டும் பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டியா? நீ லீவுல வர்றப்பதான் வவ்வாலும் குடும்பம் நடத்தும்னு நெனச்சியாடா? இப்ப வந்து பாரு. அம்மாக்காரிங்க எர தேடப் போவும், குட்டிங்க செவுத்துலயே தொங்கிக்கினு கத்தும்."

அன்று மாலை இருவரும் ஏறிப் பார்த்தோம். தாய்கள் கிளம்பிப் போனபின் உள்ளே டார்ச் அடித்தேன். சுவரெல்லாம் குட்டிகள். ரோமம் அரும்பியவை, பறக்காதவை. ஜெர்மனியில் பிறத்தியார் பரணில் பார்த்ததை என் ஊரில் நான் பார்த்ததே இல்லை. தை மாதத்துக் குகையைத்தான் என் குகை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் மாநாடு. டீ நேரத்துக்கு முன்னால் தலைவரை ஓரமாகக் கூப்பிட்டு, போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேன் சொல்லியாகிவிட்டது, விருந்தினர்கள் வந்துவிட்டார்கள் என்றார். நான் விடவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க இப்ப ஜெர்மன் பாஸ்போர்ட்தானே? வெளிநாட்டுக்காரர் இங்க அனுமதி இல்லாம சர்வே பண்ணக் கூடாது. இதுவரைக்கும் நான் கண்டுக்கல. கண்டுக்க வைக்காதீங்க."

மேடையில் எனக்குப் பத்து நிமிஷம். குட்டிகளின் படத்தைத் திரையில் போட்டதும் மணியை அடித்தார். பாதி நேரம்கூட ஆகவில்லை. மைக் நின்றது. அரிய தகவல்களுக்கு நன்றி என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாலையில் வேன்கள் வந்தன. பாறைகளில் உட்கார்ந்து விருந்தினர்கள் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே குட்டி இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றேன். "நீ எழுதிக் குடுத்ததத்தானே செய்றோம், இப்ப இன்னா மாத்திப் பேசற?" என்றார். வௌவால்கள் புகை மாதிரி வெளியே போயின. கடைசி வௌவால் போனதும் நாலு பேர் வலையை இழுத்துக் கட்டினார்கள். மறுபடியும் கைதட்டல். கைதட்டல் அடங்கியதும் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. மெல்லிய கீச்சொலி, ஒன்றல்ல, குகையே கத்துவது போல. சித்தப்பா வலைப்பக்கம் காதைக் கொடுத்தார்.

"இன்னா சத்தங்க அது?"

"மிச்சம் மீதி நாலஞ்சு இருக்கும் ஐயா. காலையில எடுத்து விட்டுடுவாங்க" என்றார் தலைவர். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று விருந்தினர்களைக் கீழே இறக்கினார்.

சித்தப்பா என்னைத்தான் பார்த்தார். அப்போது இன்னும் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவரே அந்த வலையைப் பிய்த்து எறிந்திருப்பார். பையில் பாஸ்போர்ட் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை யாரும் எனக்காக மறைக்க வேண்டாம்.

கிழக்கு வெளுக்கும்போது அருளப்பன் வந்து கதவைத் தட்டினான். இருவரும் ஓடினோம். வலை கறுப்பாக இருந்தது, அசைந்துகொண்டிருந்தது. தாய்கள் வெளியே அப்பிக்கொண்டிருந்தன. சில கண்ணியில் சிக்கி, இறக்கை கிழிந்து செத்திருந்தன. அவன் அரிவாளை என்னிடம் நீட்டினான், நான் அறுத்தேன். அவை என் முகத்தை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. சில தாய்கள் தங்கள் குட்டிகளை எடுத்துக்கொண்டன. சுவரிலிருந்து விழுந்த குட்டிகள் சிலையின் காலடியில் கிடந்தன. எறும்பு வந்துவிட்டிருந்தது.

வெயில் ஏறியபின் சித்தப்பா வெறுங்காலோடு மேலே வந்தார். அறுந்த வலையைப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை. குனிந்து, தரையில் கிடந்த குட்டிகளைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி விரதம் இருக்கிறார். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "உள்ள குட்டி இருந்தது அவருக்குத் தெரியுமாடா?" தெரியும், காலையிலேயே படம் காட்டினேன் என்றேன். "அப்ப அவரே வந்து சொல்லட்டும். உன் வாயால வேணாம். நீயும் வாய மூடிக்கினு நின்னவன்தான்."

நான் ஜெர்மனிக்குத் திரும்பியபின் மாநாட்டு மலர் தபாலில் வந்தது. ஓர் உயிர்கூடப் பலியாகாமல் குகை மீட்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். வலையோடு படம். இதே முறையில் சுற்றுவட்டாரத்து மற்ற குகைகளுக்கும் வலை கட்டப்படும் என்றும், அதற்கு ஆதாரம் என் அறிக்கை என்றும் இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

தலைவரே, பதிலை எனக்குக் கடிதமாக அனுப்ப வேண்டாம். எனக்கு இரண்டு முகவரி. இங்கே கதவில் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அங்கே ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் எழுதுவது எனக்கு இரண்டு இடத்திலும் முழுதாக வந்து சேராது. அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். அடுத்த வலை கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். என் சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், பட்டினியாக. மணி அடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். குட்டிகள் உள்ளே இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஊருக்கு முன்னால், தமிழில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.