விமான நிலையத்தில் நின்ற கப்பல்

கப்பலுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிவிடுகிற எங்களுக்கு, உலகத்தில் எங்கே சண்டை என்பது செய்தியில் வருவதற்கு முன்பே வெங்காயக் கணக்கில் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தும் இதையே செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் வளைகுடாவில் ஒருவர் இருக்கக்கூடும். டிவிக்காரர் தொண்டை கிழியக் கத்தும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது.

நாற்பது நாள் அரிசி

எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் லூர்து அண்ணன். அறுபதைத் தொடப்போகிறார். கப்பல் வருவதற்கு நாலு நாள் முன்னால் அதன் சமையல்காரர் எழுதின பட்டியல் மெயிலில் வரும். நான் அதை வாசிக்க, அண்ணன் மூட்டைகளை எடுத்துவைப்பார்.

ஒருநாள் காலையில் அடுத்தடுத்து மூன்று கப்பல்களின் பட்டியல் வந்தது. மூன்றிலும் அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாமே இரண்டு மடங்கு. குறுக்கு வழியில் போக வேண்டிய கப்பல்கள் சுற்றிக்கொண்டு போகத் தீர்மானித்துவிட்டன என்று அர்த்தம். அண்ணன் மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னார்: "இருபது நாளைக்குக் கேக்கவன் நாப்பது நாளைக்குக் கேக்கான். எங்கனயோ எவனோ எவனையோ முறைக்கான் தம்பி."

மாத்திரை

முறைத்தது வளைகுடாவில். ஒரு நாடு ஏவுகணையைக் காட்ட, எதிர்நாடு அணுகுண்டுப் பேச்சை எடுத்தது. வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் தங்கள் பொறுப்பில் கடக்க வேண்டும் என்று எச்சரிக்கை வந்தது. அந்தப் பக்கம் போகவிருந்த ஒரு கேப்டன், உணவுப் பட்டியலின் அடியில் அயோடின் மாத்திரை என்று சேர்த்திருந்தார். அணுக்கதிர் பரவினால் கழுத்துச் சுரப்பியைக் காக்கும் மாத்திரை அது.

லூர்து அண்ணனும் நானும் மருந்துக்கடைக்குப் போனோம். வழக்கமாக அண்ணன் கடைக்காரரோடு வம்பளக்காமல் திரும்பமாட்டார். அன்றைக்குக் கடை வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அவருடைய மருமகன் செல்வின் சமையல்காரராக இருக்கும் கப்பல், சுண்ணாம்புக்கல் ஏற்ற அதற்கு முந்தின வாரம்தான் நீரிணைக்குள்ளே போயிருந்தது. கடைக்கார அண்ணாச்சிக்கு அது தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அணுகுண்டுக்கு மாத்திரையா? அது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

காரணம்

மறுநாள் செல்வினின் மனைவி பிரின்சி மில்லர்புரத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஆபீசுக்கு வந்தாள். ஆபத்தான கடலுக்குள் கப்பல் போகும்போது, வரமாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு. கம்பெனி தன் செலவில் அவனை ஊருக்கு அனுப்ப வேண்டும். செல்வினின் ஒப்பந்தத்திலும் அந்த விதி இருந்தது. கல் ஏற்றி முடிந்து கப்பல் கிளம்புவதற்குள் அவன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கடிதத்தை நான் இங்கிலீஷில் எழுதித்தர வேண்டும் என்றாள்.

"ஏளா, அவரு கேட்டாரா?" என்றார் லூர்து அண்ணன். பிரின்சி அப்பா பக்கம் திரும்பாமல் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டாள். நான் நாலு வரி தட்டிவிட்டு நிறுத்தினேன். காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமே, என்ன போட என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நான் பயப்படுதேன்னு எழுதுங்க. அவரு பயப்படுதாருன்னு எழுதிராதீங்க."

ஓடுபாதை

கடிதம் செல்வினின் போனுக்குப் போனது. ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. பாதுகாப்புக்காகக் கப்பலில் மாலுமிகளின் வைஃபையை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கடிதம் கிடைத்ததா, இறங்கினானா, ஏதும் தெரியாது.

கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று எங்கள் கம்ப்யூட்டரில் உண்டு. மூன்றாம் நாள் அதில் செல்வினின் கப்பல், ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை நடுவே நின்றது. பக்கத்தில் இன்னும் ஏழெட்டுக் கப்பல்கள். ஏவுகணையைத் திசைதிருப்ப யாரோ ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்புகிறார்கள், கப்பல் கடலில்தான் இருக்கிறது என்று நான் விளக்கினேன். விளக்கும்போது என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. கப்பல்காரர்கள் நிரப்பி அனுப்பும் போகுமிடம் என்ற கட்டத்தில் துறைமுகத்தின் பெயரைக் காணோம். அதற்குப் பதில், 'ஆட்கள் எல்லாரும் இந்தியர்' என்று இங்கிலீஷில் இருந்தது. எங்களைச் சுடாதே என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு கட்டம்தான். அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "குண்டு எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டா தம்பி விழும்?"

பத்தொன்பது பேர்

ஐந்தாம் நாள் கேப்டனிடமிருந்து மெயில். நீரிணையைத் தாண்டிவிட்டோம், தூத்துக்குடி வருகிறோம், பட்டியல் இணைப்பில். திறந்தேன். ஆள் எண்ணிக்கை பத்தொன்பது. போகும்போது இருபத்திரண்டு. மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள்.

"மாசி இருக்கா பாருங்க" என்றார் அண்ணன். செல்வின் எழுதும் பட்டியலில் இரண்டு கிலோ மாசி, அதாவது காயவைத்த சூரை, இல்லாமல் இருக்காது. வேறு எந்தச் சமையல்காரரும் எங்களிடம் அதைக் கேட்டதில்லை. அரிசி, மாவு, முட்டை, கோழி என்று வாசித்துக்கொண்டே போனேன். முதல் பக்கத்தில் இல்லை. இறங்கிவிட்டான் என்றால் நல்லதுதான். ஆனால் இறங்கினவன் இன்னும் ஏன் போன் பண்ணவில்லை? இரண்டாம் பக்கம், கடைசி வரி: மாசி, இரண்டு கிலோ. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிரின்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.  அப்புறம் அவள் சொன்னது: "அப்ப இறங்கல. ரெண்டு கிலோ குடுக்காதீங்க. ஒரு கிலோ குடுங்க. கோவத்துல இருக்கேன்னு தெரியட்டும்."

சரக்கு சரிபார்த்தல்

கப்பல் வந்ததும் பாஸ் வாங்கிக்கொண்டு வேனோடு உள்ளே போனோம். செல்வின் ஏணிக்கு மேலே நின்றான். மாமனாரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே தக்காளிப் பெட்டியைத் திறந்து அமுக்கிப் பார்த்தான். "கனிஞ்சு கெடக்கே மாமா, ரெண்டு நாள் தாங்குமா இது?" நாங்கள் ஐந்து நாள் சரியாகத் தூங்கவில்லை, இவனுக்குத் தக்காளி.

கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம். வைஃபையை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது; இரண்டாவது டிக் மட்டும் இங்கே திரும்பி வரவில்லை. "வாசிச்சேண்ணே. போனை மடியில வச்சிட்டு ரொம்ப நேரம் இருந்தேன். மூணு பேர் இறங்குதாங்க, நானும் இறங்கிட்டா மிச்சப் பேருக்கு யாரு பொங்குவா?" என்று சொல்லிக்கொண்டே தராசில் பொட்டலத்தை வைத்தவன் நிமிர்ந்தான். மாசி ஒரு கிலோ குறைகிறது என்றான்.

லூர்து அண்ணன் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மீதி மில்லர்புரத்துல இருக்கு மாப்ள. நேர்ல போய் வாங்கிக்கிடுங்க."

பெரிய நாடுகளின் சமாதானப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மில்லர்புரத்துப் பேச்சுவார்த்தை அன்றைக்குச் சாயங்காலமே முடிந்து, மறுநாள் காலையில் அந்த ஒரு கிலோவும் கப்பலேறிவிட்டது.